குற்றியலொளி: இருட்டில் எடுத்த பிள்ளைப் படத்தைத் திருத்தி அச்சிடுதல் குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வுக்கு மூலச்சான்று ஒன்றே ஒன்று. என் தங்கை மகன் பிறந்த 23ஆம் நாள், பின்னிரவு 2.45 மணிக்கு, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு நடு அறையில், தொட்டில் சேலையை இரண்டு விரலால் விலக்கி உள்ளே கைப்பேசியை நீட்டி நான் எடுத்த படம். அதில் காணப்படுவன: பாசி பிடித்த குளம் போல ஒரு பரப்பு, நடுவே பணியாரம் அளவுக்கு ஒரு வெளிச்சம், வெளிச்சத்தின் கீழ்ப்பாதியில் கிழக்கு மேற்காக ஒரு கோடு. அந்தக் கோடு சிரிப்பு என்பது எடுத்தவன் கட்சி. சேலை மடிப்பு என்பது என் அம்மா கட்சி. பக்கத்தில் படுத்திருந்த ஆச்சி கண்ணைத் திறக்காமலே, "நரி வெரட்டுது, விடுல" என்றாள்.

தூக்கத்தில் பிள்ளை சிரித்தால் கனவில் நரி வந்திருக்கிறது என்பது எங்கள் பக்கத்துக் கொள்கை. மருத்துவர்கள் இதை அனிச்சைச் சிரிப்பு என்பார்கள். ஆளைப் பார்த்துச் சிரிப்பது ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்கும் என்பார்கள். நரியோ நரம்போ, கிடைப்பது ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. அதற்குள் கைப்பேசியை எடுத்து, பூட்டைத் திறந்து, கேமராவைத் தேடி, தவறிப்போய் டார்ச்சை அமுக்கி, வீட்டில் நான்கு பேரை எழுப்பி, பிறகு எடுத்த படம் இது.

ஆய்வாளனின் தகுதி குறித்துச் சிறிது. நான் 26 ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன், படக்கலை பயின்றவனல்ல. வீட்டில் உள்ள ஐந்து கைப்பேசிகளில் என்னுடையது புதிது என்ற ஒரே காரணத்தால் வேலை என் தலையில் விழுந்தது. ஆய்வு போகப் போக ஜாடைப் பக்கம் திரும்புவதால் ஒன்றை முதலிலேயே அறிவித்துவிடுகிறேன்: இதில் எனக்குச் சொந்த நலன் ஏதும் இல்லை. பிள்ளை யார் மாதிரி என்கிற வழக்கில் தாய்மாமன் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. காது குத்துக்கு மடி கொடுப்பதோடும் சீர் செய்வதோடும் அவன் பங்கு முடிந்தது.

பெயர்க்காரணம்

ஒளிப்படம் என்ற சொல்லில் ஒளி இருக்கிறது. எங்கள் படத்தில் இல்லை. எனவே புதுப் பெயர் வேண்டியிருந்தது. உகரத்துக்கு இயல்பாக ஒரு மாத்திரை. தனிக்குறிலை அடுத்து அல்லாமல், சொல்லின் ஈற்றில் வல்லின மெய்மேல் ஏறி வரும்போது அரை மாத்திரையாகக் குறுகிக் குற்றியலுகரம் ஆகிவிடுகிறது. ஒளியும் அப்படியே. நடுப்பகலில் முற்றத்தில் முழு மாத்திரை இருந்தது, ராத்திரி ஜீரோ வாட்ஸ் பல்பில் ஏறி, ஆச்சியின் கரும்பச்சைச் சுங்குடிச் சேலையைத் தாண்டி வருவதற்குள் குறுகிவிடுகிறது. இதைக் குற்றியலொளி என்று குறிப்போம்.

மாத்திரைக்கு அளவு சொன்ன பழைய இலக்கணக்காரர்கள் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் காட்டினார்கள். கண்ணிமைப்பு என்பது நொடியைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை. மூலப்படத்தின் விவரத்தைத் தட்டிப் பார்த்தால், கேமரா தன் கண்ணைத் திறந்து வைத்திருந்த நேரம் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. கைப்பேசி இலக்கணம் படித்திருக்கிறது.

குற்றியலுகரம் ஆறு வகை. குற்றியலொளிக்கு மூன்றே போதும். தொட்டில் சேலையின் கரை தெளிவாக இருந்து, பிள்ளையின் கால் மட்டும் புகையாக இருந்தால் அது வன்தொடர்: உதைத்தது பிள்ளை. கரையும் காலும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் மென்தொடர்: நடுங்கியது எடுத்தவன் கை. படம் அசையாமல் நின்றும் முகமெங்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று முப்புள்ளி சிதறிக் கிடந்தால் ஆய்தத்தொடர். ஸ்டூடியோக்காரர்கள் முதலிரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை, "ஷேக் ஆயிருக்கு சார்" என்று முடித்துவிடுவார்கள். மூன்றாவதைக் "கிரெயின்ஸ் அடிக்குது" என்பார்கள். எங்கள் மூலப்படம் மூன்றுக்கும் எடுத்துக்காட்டாக அமைந்தது ஆய்வுக்குக் கிடைத்த பேறு.

இவ்விடத்தில் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களை நினைத்துப் பார்க்கிறேன். கெட்டிக்காரர்கள். பத்துப் பருவத்தில் முதலாவதான காப்பையே மூன்றாம் மாதத்தில்தான் வைத்தார்கள். கழுத்து நிற்காத, முகம் தெளியாத முதல் அறுபது நாள் பக்கம் அவர்கள் போகவே இல்லை. வீட்டுக்கு அறுநூறு படம் எடுப்பது அந்த அறுபது நாளில்தான்.

மழையும் டம்ளரும்

புள்ளி ஏன் வருகிறது என்பதை அம்மாவுக்கு விளக்க நேர்ந்தது. "போன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். மொட்டைமாடியில் நூறு டம்ளரை வரிசையாக வைத்து மழைக்குக் காத்திருப்பதாக வைத்துக்கொள் என்றேன். ஐப்பசி அடைமழை என்றால் சற்று நேரத்தில் எல்லா டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் நிற்கும். சித்திரையில் நாலு தூறல் போட்டு ஓடிவிடும் மழை என்றால் ஒன்றில் மூன்று துளி, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்தது காய்ந்து கிடக்கும். ஒளியும் துளித்துளியாக விழுவதுதான். கேமராவுக்குள் இருப்பவை டம்ளர்கள்தான். ஏற்றத்தாழ்வு துளிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் அளவில் வரும். சராசரியாக 10,000 துளி விழுகிற இடத்தில் 100 முன்பின். நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. 100 துளி விழுகிற இடத்தில் 10 முன்பின். நூற்றுக்குப் பத்து, கன்னத்தில் மணல் கொட்டியது போலத் தெரியும். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மழையைக் கூட்டுவதில்லை. இருக்கிற துளியைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது. துளியோடு சேர்த்து வெறுமையையும் காட்டுகிறது.

போதாததற்கு ஒவ்வொரு டம்ளருக்கும் மேலே ஒரு நிறக்கண்ணாடி. கோடக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது: நான்கு டம்ளருக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். பக்கத்து டம்ளர்களைப் பார்த்துத்தான் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஊகிக்கப்படுகிறது. தூறலில் சிவப்பு டம்ளருக்கு ஒன்றும் விழவில்லை என்றால் பிள்ளையின் கன்னம் அந்த இடத்தில் பச்சை. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப லைட்டப் போட்டு எடுக்க வேண்டியதுதான?" என்றாள். ஆய்வின் பிற்பகுதி முழுவதும், லைட்டைப் போட்டால் பிள்ளை எழுந்துவிடும் என்ற ஒற்றை உண்மையின் மேல் நிற்கிறது.

புதுக் கைப்பேசிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. 2018இல் கூகுளின் பிக்ஸல் கைப்பேசிகளில் நைட் சைட் என்று வந்தது. அடுத்த ஆண்டு ஐபோனிலும் இரவு முறை வந்தது. ஒரு படத்துக்குப் பதில் வரிசையாகப் பல படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பது முறை. பத்துத் தூறலைச் சேர்த்தால் ஒரு மழை. கோபுரத்தை எடுக்க உத்தமம். பிள்ளையிடம் எடுபடாது. பத்துப் படத்தில் ஒன்றில் நரி வந்திருக்கிறது, ஒன்பதில் வரவில்லை. சராசரி எடுத்தால் நரி தோற்றுவிடுகிறது. உம்மென்ற முகமும் மூன்று கையும் உள்ள பிள்ளை கிடைக்கும். அதை வைத்து மருமகனைக் கேலி பேசலாமே தவிர அச்சிட முடியாது.

முன்னோர்

இத்துறைக்கு முன்னோர் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சொல்லப்போனால் டிஜிட்டல் படம் என்ற ஒன்று பிறந்ததே பிள்ளைப் படத்தில்தான். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ் 1957இல் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் கருவி ஒன்றைச் செய்தார். முதன்முதலாக எதை ஏற்றுவது? உலகப்படமா, கொடியா, குடியரசுத் தலைவரா? சட்டைப்பையில் இருந்ததை ஏற்றினார் என்று நினைக்கத் தோன்றுகிறது: மூன்று மாதப் பிள்ளையான தன் மகன் வால்டனின் படம். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர். உள்ளே போனது 176க்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. முகம் தெரிகிறது, யார் ஜாடை என்று சொல்ல வராது. கட்டம் கட்டமாகத் தெரிவதில் கிர்ஷுக்கே பிற்காலத்தில் மனக்குறை. சதுரப் புள்ளியை விட்டு வேறு வடிவப் புள்ளிகளால் படத்தைச் சீராக்கும் வழியை 2010இல் வெளியிட்டபோது, சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது அதே படத்தைத்தான். அப்போது மகனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அப்பா இன்னமும் பிள்ளைப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். எங்கள் துறையின் ஆதிகுரு இவரே.

அடுத்தவர் பிலிப் கான். 1997 ஜூன் 11 அன்று கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் நகரில் மனைவி பிரசவ வேதனையில் இருக்க, இவர் ஒரு டிஜிட்டல் கேமராவையும் கைப்பேசியையும் மடிக்கணினியையும் ஒயரால் பிணைத்துக்கொண்டிருந்தார். மகள் சோஃபி பிறந்ததும் படம் எடுத்து அங்கிருந்தபடியே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அனுப்பினார். கைப்பேசி வழியாக உடனுக்குடன் பகிரப்பட்ட முதல் படம் என்று இதைச் சொல்கிறார்கள். பிரசவ நேரத்தில் ஒயரோடு மல்லுக்கட்டிய ஆண்மகனை அந்த ஊர் எப்படிப் பார்த்ததோ. எங்கள் ஊரில் என்றால் ஆச்சி ஒயரைப் பிடுங்கியிருப்பாள்.

இன்னும் பழைய மரபு ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படம் பதியப் பல நொடிகள் பிடித்தன. பிள்ளையை அத்தனை நேரம் அசையாமல் வைக்க, தாயை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையோடு துணி போர்த்தி, அவள் மடியில் பிள்ளையை வைத்து எடுத்தார்கள். திரைச்சீலை போர்த்திய நாற்காலி என்று பார்க்கிறவன் நினைக்க வேண்டும். நினைக்க முடிவதில்லை, துணிக்குக் கீழே கை தெரிகிறது. எங்கள் மூலப்படத்திலும் வலது ஓரத்தில் ஒரு பழுப்புத் திட்டு உண்டு. அது தொட்டில் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆச்சியின் கட்டைவிரல்.

நிறம் பற்றி மட்டும் சுருக்கமாக

மஞ்சள் பல்பின் கீழ் நம் கண் வெள்ளைத் துணியை வெள்ளையாகவே பார்க்கும். மூளை கணக்குப் பார்த்துக் கழித்துவிடும். கேமராவின் கழித்தல் இருட்டில் தப்பும். பிள்ளை மஞ்சளாகப் போகும். பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் உண்மையிலேயே சற்று மஞ்சள் பூப்பதால், உறவினர்களைக் குறை சொல்லவும் முடியாது: "காமாலை பாத்தீங்களா?" என்று ஐந்து பேர் கேட்டார்கள். மஞ்சளைக் குறைத்து அனுப்பினேன். சேலையின் பச்சை மேலே வந்தது. பச்சையைக் குறைத்தேன்; பிள்ளை பீட்ரூட் நிறமானான். "அழுதானா?" என்று ஐந்து பேர் கேட்டார்கள்.

ஜாடை விதி

இப்போது ஆய்வின் மையப் பொருள். படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 3.10க்கு ஏறியது. முதல் பதில் 4.52க்கு, சிவகாசியிலிருந்து, பிள்ளையின் அத்தை: "அப்படியே எங்க அப்பா நெத்தி." ஐந்தரைக்குத் தூத்துக்குடிப் பெரியம்மா: "மூக்கு நம்ம வகையறா மூக்கு. சந்தேகமே வேண்டாம்." துபாயிலிருந்து சித்தப்பா ஒரு வார்த்தையும் எழுதவில்லை, 1984இல் எடுத்த தன்னுடைய பழைய படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சிவகாசிச் சின்னத் தாத்தா காதைத் தங்கள் பக்கம் எழுதிக்கொண்டார். படத்தில் காது கிடையாது. அவர் கண்டது உருட்டுத் தலையணையின் முனை. காலை ஒன்பது மணிக்குள் ஒன்பது உரிமைகோரல்கள் பதிவாயின. மூக்குக்கு மட்டும் மூன்று பேர். அந்த மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: நாலு புள்ளி வெளிச்சம், கீழே ரெண்டு புள்ளி இருட்டு.

ஒப்புநோக்க ஒரு சோதனை செய்தேன். 31ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, திண்ணையில் இளவெயில் படும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெள்ளை வேட்டி விரித்துப் பிள்ளையைக் கிடத்தி எடுத்தேன். இமைமயிர் எண்ணலாம். அத்தனை தெளிவு. குழுவில் போட்டேன். மாலை வரை வந்த பதில் மூன்று: ஒரு கும்பிடு, ஒரு இதயம், "நல்லா எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுங்க." ஒருவரும் எதையும் கோரவில்லை. பிள்ளை பிள்ளை மாதிரியே இருந்தான்.

இதிலிருந்து பெறப்படும் விதி: ஜாடை ஒளிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். தெளிந்த படத்தில் பிள்ளைக்கு ஒரு முகம்தான் உண்டு, அது அவனுடையது. தெளியாத படத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. ஆளுக்கொரு தாத்தாவைக் கொண்டுவந்து உட்காரவைக்கலாம். அதனால் புள்ளியைத் துடைக்கிற வேலை சும்மா துப்புரவு வேலையில்லை. பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு எழுதுகிற வேலை. இது தெரியாமல்தான் நான் திருத்தத்தில் இறங்கினேன்.

பாடபேதங்கள்

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா. முதலானோர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தார்கள். செல் அரித்த இடத்தில் எழுத்து தெரியவில்லை என்றால் நல்ல பதிப்பாசிரியன் புள்ளி வைத்து விட்டுவிடுவான். தானாக ஓர் அடி எழுதிச் சேர்க்க மாட்டான். சேர்த்தால் அதற்கு இடைச்செருகல் என்று பெயர். இந்த நாகரிகத்தை இன்றைய திருத்தச் செயலிகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதற்பாடம்: வெளிச்சத்தைக் கூட்டியது. பிள்ளை தெரிந்தான், இருட்டில் அடங்கியிருந்த முப்புள்ளிகளும் எழுந்து வந்தன. அம்மை போட்டது போல இருக்கிறது என்று அம்மா திருநீறு எடுக்கப் போனாள்.

இரண்டாம் பாடம்: கறுப்பு வெள்ளை. தொழில்நுட்பப்படி இதுவே உத்தமம். நிறப்புள்ளிகள் சாம்பல் ஆகிவிடும். மஞ்சளா பச்சையா என்ற வழக்கு தள்ளுபடி ஆகும். எஞ்சிய மணல் பழைய ஃபிலிம் படம் போல ஓர் அழகு கொடுக்கும். நானே ரசித்தேன். சிவகாசி அத்தை குரல்பதிவில் பேசினார்: "பச்சப்புள்ளைய யாராவது கறுப்பு வெள்ளையில போடுவாங்களா? கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கு. அழிச்சிருங்க மொதல்ல." அழித்தேன். இந்த ஒரு விஷயத்தில் உலகத்துப் படக்கலைஞர்கள் எல்லாரும் ஒரு பக்கம், தமிழ்நாட்டுச் சுவர்கள் மறுபக்கம்.

மூன்றாம் பாடம்: புள்ளி நீக்கும் செயலி. புள்ளி போயிற்று. மூக்கின் நிழலும் போயிற்று. கன்னம் பிசைந்த மைதா மாவு. புருவம் கொலுப் பொம்மைக்கு வரைந்தது போல. ஒன்பது உரிமைகோரல்களும் ஒரே நொடியில் ஆதாரமிழந்தன. பெரியம்மா தனியாக எனக்கு மட்டும் அழைத்து, "அவங்க சொல்லித்தான மூக்க மாத்துன?" என்று கேட்டார். இதே பாடத்தில் திருஷ்டிப் பொட்டும் காணாமல் போயிருந்தது. கன்னத்தில் இருந்த கருமையைத் தழும்பு என்று எண்ணி ஆற்றிவிட்டது செயலி. மனிதக் கண்ணை ஏமாற்ற வைத்த பொட்டுக்கு இயந்திரக் கண் ஏமாறவில்லை. விரலால் திரையில் தேய்த்து நான் ஒரு பொட்டைத் திரும்ப வைத்தேன். வட்டம் கனகச்சிதம். ஆச்சிக்குக் காட்டியபோது, "மை வச்ச மாதிரியா இருக்கு? ஈ உக்காந்த மாதிரில்லா இருக்கு" என்றாள்.

நான்காம் பாடத்தை இடைச்செருகல்களின் உச்சம் எனலாம். மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவு தெளிவாக்கித் தரும் என்று ஒரு மாணவன் சொல்லிக்கொடுத்த செயலி. தந்தது. நீண்ட இமைமயிர், செதுக்கிய மூக்கு. கோடாக இருந்த சிரிப்பு திறந்து, உள்ளே மேல்வரிசையில் இரண்டு பல். இருபத்து மூன்று நாள் பிள்ளைக்கு! அந்தச் செயலி படித்த முகங்களெல்லாம் பல்லுள்ளவர்கள் முகம் போலிருக்கிறது. சிரிப்பு என்றால் பல் இருக்கும் என்று அதுவாக எழுதிச் சேர்த்துவிட்டது. இதில் பிறருக்குத் தெரியாத இன்னொரு சிக்கல். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். நான் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பள்ளியில் மேடையேறிப் பேசுகிறவன். இருந்தாலும் அந்தப் பாடத்தை யார் கண்ணிலும் படாமல் அழித்து, அழித்தவை கிடக்கும் பெட்டியிலிருந்தும் அழித்தேன்.

அச்சு

திரையில் எட்டுப் பத்துப் பாடங்கள் உலவிய நிலையில், தாத்தாக்களுக்குக் கையில் பிடிக்கப் படம் வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. ஆச்சி இன்னும் "கழுவிக் குடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறாள். ஃபிலிம் ரோல் கழுவின காலத்துச் சொல். பிள்ளையைக் கழுவும் வேலையும் வீட்டில் நாள் முழுக்க நடந்ததால் இரண்டு மூன்று முறை பதில் மாறிப்போனது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போனேன். கணினி முன் இருந்த தம்பி படத்தைத் திறந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இது என்ன சார்?" என்றார். சொன்னேன். "வாட்ஸ்அப்ல வந்ததா?" அதிலும் பொருள் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். 4க்கு 6 அங்குல மேக்ஸி சைஸுக்கு அங்குலத்துக்கு 260 புள்ளிக்கு மேல் வரும், தாராளம். 12க்கு 18 போட்டால் 90கூடத் தேறாது. மூலக்கோப்பை டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. "நேரா போன்ல இருந்தே ஏத்துங்க" என்றேன்.

"அப்படியே போட்டா டார்க் அடிக்கும் சார். கரெக்‌ஷன் பண்ணிறவா?" இந்த வாக்கியத்தில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. திரை தானே ஒளிவிடுவது. ராத்திரி இருட்டில் பார்த்தால் இன்னும் தூக்கலாகத் தெரியும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் விழுந்ததைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். திரையில் அரையிருட்டு, தாளில் முழு இருட்டு. எனவே கைப்பேசித் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, அந்த நிலையில் படம் தெளியும் வரை நடுத்தரச் சாயல்களை ஏற்ற வேண்டும். முதலில் ஒரே ஒரு சோதனைப் பிரிண்ட். இதை ஐந்து பாடங்களுக்குப் பிறகு கற்றேன்.

அவர் "கரெக்‌ஷன்" என்றதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பிரிண்ட் வந்தபோது பிள்ளை பால்கோவா நிறத்தில் இருந்தான். "கொஞ்சம் கலர் ஏத்தி விட்டிருக்கேன் சார், எல்லாரும் கேப்பாங்க." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நிறத்தைச் சரிபார்க்க லேபுகளுக்குக் கோடக் நெடுங்காலம் அனுப்பிவந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்றே பெயர். அவள் தோலுக்குச் சரியாக இருந்தால் உலகத்துக்கே சரி. அட்டை போய்விட்டது, கை பழக்கம் போகவில்லை. கேட்பார்கள் என்றாரே, அதுவும் பொய்யில்லை. வீட்டில் இரண்டு பேருக்கு அந்தப் பிரதிதான் பிடித்தது. நான் சண்டை போட்டுப் பிள்ளையின் நிறத்தைத் திரும்ப வாங்கினேன். இந்த ஆய்வில் நான் உறுதியாக நின்ற ஒரே இடம் இது.

அளவு குறித்தும் வழக்கு. சிவகாசித் தாத்தா பெரிதாகக் கேட்டார். ஆனால் புள்ளியைத் தீர்க்கும் சிறந்த மருந்து சிறிதாக அச்சிடுவதே. என் கைப்பேசிப் படம் 4000க்கு 3000 புள்ளி. மேக்ஸியில் அச்சாகும்போது ஏறக்குறைய ஐந்து புள்ளி சேர்ந்து ஒன்றாகிறது. ஐந்து டம்ளர் தண்ணீரை ஒரு செம்பில் ஊற்றிச் சராசரி பார்ப்பது போல; ஏற்றத்தாழ்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதையும் மேட் தாளில் போட்டால் மிச்சம் தாளின் சொரசொரப்பில் மறையும். செயலிகளால் ஆகாததை ஆறு அங்குலத் தாள் செய்துவிட்டது. தாத்தாவுக்கு மட்டும் மரியாதை கருதி 8க்கு 12.

மரியாதை வீணானது. அவர் அச்சகத்திலேயே ஆயுளைக் கழித்தவர். காலண்டர் பார்த்த கண். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பேரனின் முகத்தின்மேல் வைத்துக் குனிந்தார். வீடே அமைதியானது. நெற்றி தங்கள் வகையறாதான் என்று அறிவிக்கப் போகிறார் என்று அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, மெஜெண்டா தூக்கியிருக்கு" என்றார் தாத்தா. லென்ஸை நகர்த்தி, "இந்த ஓரத்துல கட்டவெரல் யாரோடது?" என்றார்.

கடைசி உரிமைகோரல்

ஏழு மேக்ஸியும் ஒரு பெரிதும் போக, முதலில் போட்ட சோதனைப் பிரிண்ட் ஒன்று மிஞ்சியது. எந்தத் திருத்தமும் செய்யாதது, டார்க் அடித்தது. அதைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருந்தேன். ஆச்சி பஞ்சாங்கத்தை எடுக்கப் போய் அது கீழே விழுந்தது. ஆச்சிக்கு ஒரு கண்ணில் புரை, இன்னும் உரிக்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குப் போய், படத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஸ்டூடியோத் தம்பி என்ன என்று கேட்ட படம், என் அம்மாவுக்கே சேலை மடிப்பாகத் தெரிந்த படம்.

"எவ்வளவு தெளிவா இருக்கு. ஏல, இது நீதான?"

"ஆச்சி, அது தங்கச்சி மகன்."

"நீதாம்ல. இப்படித்தான் வாயக் கோணிக்கிட்டுக் கெடப்ப."

எனக்கு மூன்று வயதுக்கு முந்தைய படம் எதுவும் கிடையாது என்பதை ஆவண அடிப்படையில் எடுத்துச் சொன்னேன். நான் பிறந்தபோது இந்த வீட்டில் கரண்டே இல்லை, அரிக்கேன் விளக்குதான். கேமரா வைத்திருந்தவர் யாருமில்லை.

"படம் இல்லேன்னா என்னல, நான் பாத்தேம்லா" என்று சொல்லிவிட்டு, படத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைக்காமல் இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே தொடக்கத்தில் கொடுத்த நடுநிலை அறிவிப்பை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பத்தாவது உரிமைகோரல் பதிவாகியிருக்கிறது. குழுவில் இன்னும் போடவில்லை.